டோன்யாவை நான் சாகடித்த ஞாயிற்றுக்கிழமை

என் தொழில் பூக்கொட்டுவது. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் டிஜிட்டல் மீடியா படித்தேன். அசையும் படங்களைப் பற்றி அறுபது பக்கக் கட்டுரை எழுதி அதற்கு நல்ல புள்ளியும் வாங்கினேன். இப்போது கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கல்யாண வீடியோக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து மாப்பிள்ளை பொம்பிளையின் தலையில் பூக்கொட்டிக்கொண்டிருக்கிறேன். ரோஜா இதழ், மல்லிகை, தாமரை எல்லாம் தனித்தனிக் கோப்புகளாக என் கணினியில் கிடக்கின்றன. சாமத்தியவீட்டுக்கு, அதுதான் பூப்புனித நீராட்டுக்கு, இளஞ்சிவப்பு. பிள்ளை ஹெலிகொப்டரில் வந்து இறங்கினால் பூ மேலிருந்து விழவேண்டும். பல்லக்கில் வந்தால் பக்கத்திலிருந்து. இதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. கடைக்கார அண்ணை அதை முதல்நாளே சொல்லித் தந்துவிட்டார்.

"தங்கச்சி, ஸ்கிரீனில எங்கையாவது சும்மா இடம் கிடந்தா அதில பூவைப் போடு. வெறும் இடம் பாக்கிறதுக்கு ஒருத்தரும் வீடியோ எடுக்கிறேல்லை."

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்த ஒரு வசனம்தான் காரணம்.

என் தோழி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக்கு எதிர்க்கட்டடம், பதினான்காம் மாடி. ஐந்து வயதில் மெக்சிகோவிலிருந்து தாய் தகப்பனோடு வந்தவள். கோப்பிக் கடையில் வேலை செய்வாள். மிச்ச நேரம் முழுக்க, மூலை உடைந்த ஒரு டப்லட்டில் படம் கீறுவாள். கலைத் திட்டங்களுக்கு விண்ணப்பம் போடும்போது தன்னை ‘லத்தினெக்ஸ் டிஜிட்டல் கலைஞர்’ என்று எழுதுவாள். லத்தீன் அமெரிக்க வழி வந்த எல்லோருக்கும் இங்கே போடும் பொதுப்பெயர் அது. அந்தச் சொல்லைத் தாயிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தாளாம். "அது என்ன, இருமலுக்குக் குடிக்கிற மருந்தோ?" என்று தாய் கேட்டாராம். எனக்குச் சிரிக்க உரிமை இல்லை. நாங்களும் படிவத்துக்குப் படிவம் தெற்காசியர், புலம்பெயர்ந்தோர், சிறுபான்மையினர் என்று சட்டை மாற்றுகிறவர்கள்தான். கதவைச் சாத்திவிட்டால் அவள் மெக்சிகோக்காரி, நான் யாழ்ப்பாணத்துக்காரி. அதிலும் யாழ்ப்பாணத்தை ஒரு தரமும் பார்க்காத யாழ்ப்பாணத்துக்காரி.

அவள் கீறுவது முழுக்க ஒரே கூட்டத்தைத்தான். எங்கள் பக்கத்தில் ஒரு தேவாலயம் இருக்கிறது. ஞாயிறு ஸ்பானிஷ் பூசை முடிந்ததும் அதன் நிலக்கீழ் மண்டபத்தில் முப்பது நாற்பது பெண்கள் சேர்ந்து சாப்பிடுவார்கள். மெக்சிகோ, எல் சல்வடோர், எக்குவடோர், பெரு என்று நாடுகள் பல. வேலை பெரும்பாலும் ஒன்று: டவுன்டவுன் கண்ணாடிக் கட்டடங்களைத் துப்புரவாக்குவது. இந்தப் பெண்களின் முகங்களைத்தான் அவள் கீறுவாள். பஸ்ஸில் வாயைத் திறந்து தூங்கும் முகம். சாப்பாட்டுப் பெட்டியை அரைவாசி திறந்து மணந்து பார்க்கும் முகம். கோள் சொல்லும்போது வாயை மறைக்கும் கையும் அதற்கு மேலே மினுங்கும் கண்ணும். இணையத்தில் போட்டால் எங்கெங்கோ இருந்தெல்லாம் இதயம் இதயமாக வந்து விழும். அந்த முகங்களின் சொந்தக்காரர்களில் ஒருத்தர்கூட அதைப் பார்த்ததில்லை.

"பார்சிலோனாவில ஆரோ ஒருத்தன் என்ர படத்தைப் பிரின்ற் எடுத்துக் குசினியில கொழுவியிருக்கிறானாம்," என்றாள் ஒருநாள். "படத்தில இருக்கிற மனிசி எனக்கு நாலு மாடி கீழ இருக்கிறா. அவவுக்குத் தெரியாது."

"போய்க் காட்டன்."

"காட்டி?"

"இது நீங்கள்தான் எண்டு சொல்லு."

"என்னைக் கேக்காமல் ஏன் கீறினனி எண்டு அவ கேட்டா?"

எங்கள் கடையில் கேட்காமல் எதையும் எடுப்பதில்லை. கேட்டு, முற்பணமும் வாங்கிக்கொண்டுதான் எடுப்போம்.

இங்கே ஒரு விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். தோழி என்னோடு பேசுவது ஆங்கிலம். அந்தப் பெண்கள் பேசுவது ஸ்பானிஷ். அதை அவள் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லுவாள். ஆனால் என் தலைக்குள் வந்து சேரும்போது எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள். மாற்றிப் பார்த்தேன், முடியவில்லை.

அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. ஒவ்வொரு பெண்ணும் தன் குரலில் ஏதாவது பேசி வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அவள் அந்தப் பெண்ணைக் கீறுவாள். நான் அந்தப் படத்தை அசைய வைத்து, உதட்டைக் குரலோடு பொருத்துவேன். எல்லா முகங்களையும் மண்டபச் சுவரில் ஏற்றினால், சாப்பிட்டுக்கொண்டே தங்களைத் தாங்கள் பார்க்கலாம், கேட்கலாம். எனக்கு இதைக் கேட்டதும் கால் நிலத்தில் நிற்கவில்லை. கலைக்கூடத்துக்கு அந்தப் பெண்கள் வரமாட்டார்கள். சரி, கலைக்கூடத்தைச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்போம். ஒரு லப்டொப்பும் ஒரு புரொஜெக்டரும் போதும். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் இதைத்தானே கத்தினோம்!

குரல்தான் வரவில்லை. அந்தப் பெண்களுக்கு வட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. என் அம்மாவின் குழுவை ஸ்பானிஷில் மாற்றினால் அதுதான். விடிந்தால் பனித்துளி விழுந்த ரோஜா, மாதா படம், எந்தக் கடையில் எண்ணெய் மலிவு, யாருக்கு முழங்கால் நோ. தாய் மூலமாக என் தோழியும் அதில் இருந்தாள். மூன்று தரம் கேட்டு எழுதினாள். மூன்று தரமும் கட்டைவிரல் வந்தது. கட்டைவிரலுக்கு எல்லா மொழியிலும் ஒரே அர்த்தம்: பார்த்தோம், செய்யமாட்டோம்.

குழுவின் அட்மின் டோன்யா. மூத்த பெண்களை நாங்கள் அன்ரி என்பது போல அவர்கள் டோன்யா என்பார்கள். பெயருக்கு முன்னால் போடுவார்கள். வெறுமனே டோன்யா என்றால் அது இவர் ஒருத்தரைத்தான். அறுபது வயது, ஐந்தடிக்கும் குறைவு, ஒரு சின்னப் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டக்கூடிய கைப்பை. டோன்யா குரல் அனுப்பினால் மற்றவர்கள் அனுப்புவார்கள். அனுப்பாவிட்டால் மாதா நேரில் வந்து கேட்டாலும் கிடைக்காது.

ஆகவே முதலில் டோன்யாவை மட்டும் செய்து, ஞாயிறு சாப்பாட்டில் எல்லோருக்கும் முன்னால் காட்டுவதென்று முடிவெடுத்தோம். யாருடைய பிறந்தநாளிலோ எடுத்த படத்தை வைத்து அவள் கீறினாள். குழுவில் டோன்யா முன்பு எப்போதோ அனுப்பியிருந்த ஒரு குரல் தகவலை எடுத்துக்கொண்டோம். டோன்யாவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், பார்த்தால் சந்தோசப்படுவார். இதுதான் எங்கள் கணக்கு.

"இது சரிவராட்டி நான் அவையளைக் கீறுறதை விடுறன்," என்றாள் தோழி, கோப்பையைக் கழுவியபடி. "பகிடிக்குச் சொல்லேல்லை. அவைக்கு வேண்டாமெண்டா பார்சிலோனாக்காரனுக்காக நான் ஏன் எங்கட சனத்தைக் கீறவேணும்?"

"சரிவரும். உனக்கு விசர்."

சனிக்கிழமை அவளுக்குக் கடையில் நீண்ட வேலை. படத்தை எனக்கு அனுப்பிவிட்டுப் போய்விட்டாள். டோன்யா நேரே பார்த்தபடி நிற்கிறார், கைகளை வயிற்றில் கோத்துக்கொண்டு. அற்புதமான முகம். ஒரு புருவம் மற்றதைவிடக் கொஞ்சம் மேலே, ‘என்ன பொய் சொல்லப் போகிறாய்’ என்று கேட்பது போல. பின்னால் வெறும் நீலம்.

வெறும் நீலம்.

நான் உதட்டை அசைத்தேன். கண்ணிமைக்க வைத்தேன். எல்லாம் முடிந்து பார்த்தால் அந்த நீலம் சும்மா கிடந்தது. என் கை என்னிடம் கேட்கவில்லை. பூக்கோப்பைத் திறந்தேன். ரோஜா வேண்டாம், எங்கும் இருக்கிறது. மரிகோல்ட், செம்மஞ்சள் நிறத்தில் பந்து பந்தாக. ஸ்காபரோவில் எந்த மணவறையைப் பார்த்தாலும் அதுதான் தொங்கும். இரண்டு பக்கமும் சரம் சரமாகத் தொங்கவிட்டேன். படத்துக்கு மாலை போடவில்லை. அதை அழுத்திச் சொல்கிறேன். படத்துக்கு மாலை போட்டால் ஆள் செத்துவிட்டார், பக்கத்தில் தொங்கவிட்டால் கல்யாணம். இந்த நுணுக்கம் எனக்குத் தெரியும். தெரிந்து, கவனமாக, மாலையைத் தவிர்த்தேன். பிறகு கீழே இரண்டு பக்கமும் விளக்குச் சுடர் வைத்தேன். மேலிருந்து இதழ்களை மெல்ல விழவிட்டேன்.

அம்மா தேத்தண்ணியோடு பின்னால் வந்து நின்றார்.

"வடிவா இருக்கு. ஆற்ற அறுபதாவது பேர்த்டே?"

"பேர்த்டே இல்லையம்மா, இது கலை."

"அப்ப இன்னும் கொஞ்சம் பூப் போடு."

போட்டேன். தோழிக்குச் சொல்லவில்லை. அவளுக்கும் ஓர் ஆச்சரியம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிறு, கடையிலிருந்து இரவல் வாங்கிய புரொஜெக்டரோடு மண்டபத்துக்குப் போனேன். தோழி வேலை முடிந்து நேரே வந்தாள், சட்டையில் கோப்பி மணத்தோடு. டோன்யா எனக்கு ஒரு தமாலே தந்தார். சோளமாக் கொழுக்கட்டை, உள்ளே கோழி, சோளன் பொத்தியின் தோலில் சுற்றி அவித்தது. நான் தோலோடு கடித்தேன்.

"இந்தப் பிள்ளை ஆடோ?" என்று டோன்யா கேட்டார். "தோலையும் தின்னுது."

மேசை முழுக்கச் சிரித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆரம்பமே நல்லா இருக்கு, ஆக்கள் சிரிக்கிறார்கள்.

தோழி எழுந்து ஏதோ இரண்டு வசனம் ஸ்பானிஷில் சொன்னாள். யாரோ லைற்றை அணைத்தார்கள். நான் பட்டனை அழுத்தினேன்.

சுவரில் டோன்யா வந்தார். ஏழடி உயரம். இரண்டு பக்கமும் செம்மஞ்சள் சரம், காலடியில் சுடர், மேலிருந்து இதழ் இதழாகப் பூ. கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார். பிறகு பேசினார்.

"வாற ஞாயிறு எல்லாரும் தட்டுக் கொண்டு வாங்கோ. என்னட்டை இருந்ததெல்லாம் முடிஞ்சுது."

ஒரு கரண்டி நிலத்தில் விழுந்தது. முன் மேசையில் இரண்டு பெண்கள் சிலுவை போட்டார்கள். இன்னொருத்தி மெல்லச் செபம் சொல்லத் தொடங்கினாள். பக்கத்திலிருந்தவள் திரும்பி, உண்மையான டோன்யாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள், சூடு இருக்கிறதா என்று.

"என்னடி செய்தனி?" தோழி என் காதுக்குள் கேட்டாள்.

"பூப் போட்டனான்."

"அது செத்தாக்களின்ர பூ!"

"என்ன கதை? கல்யாணப் பூ."

"உங்களுக்கு. எங்களுக்கு அது செத்தவைக்கு வைக்கிறது. அந்த மணத்தைப் பிடிச்சுக்கொண்டு ஆவியள் வீட்டை வருமெண்டு. மெழுகுதிரியும் வைச்சிருக்கிறாய்."

"அது குத்துவிளக்கு."

"குத்துவிளக்கு!"

அதற்குள் மேசைகளுக்கிடையில் சண்டை தொடங்கிவிட்டது. எக்குவடோர்க்காரி ஒருத்தி, நல்ல வடிவான பூ, ஏன் எல்லோரும் கத்துகிறீர்கள் என்று கேட்டாள். மெக்சிகோ மேசை அவள்மீது பாய்ந்தது. எல் சல்வடோர்ப் பெண்கள், தட்டுக் கொண்டுவரச் சொன்னது எந்த ஞாயிறு, இந்த ஞாயிறா அடுத்த ஞாயிறா என்று தங்களுக்குள் விசாரித்தார்கள். பெருக்காரி ஒருத்தி போனைத் தூக்கி எல்லாவற்றையும் படம் பிடித்தபடி சொன்னாள்: "எங்கட ஊரில உந்தப் பூவைக் கோழித் தீனியில கலக்கிறது. முட்டை மஞ்சள் நல்ல நிறமா வரும்." லத்தினெக்ஸ் என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறோம். அந்த மண்டபத்தில் ஒரு பூவுக்கு நாலு நாடு அடிபட்டது.

டோன்யா மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் படத்தை நிறுத்தத் தடுமாறியதில் அது மறுபடி முதலிலிருந்து ஓடி, இரண்டாம் தரமும் தட்டுக் கேட்டது. அதன் பிறகு டோன்யா எழுந்து, கைப்பையை எடுத்து, என் தோழியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார். சாப்பாட்டுப் பெட்டியைக்கூட எடுக்கவில்லை.

பஸ் தரிப்பில் நானும் தோழியும் புரொஜெக்டரை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தோம். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நான் போய்ச் சொல்லுறன். பிழை என்னில. பூவை எடுத்திட்டுத் திரும்பப் போடுவம்."

"பூவில இல்லை," என்றாள். "பூவைப் பாத்து அவ பயந்தவ. ஆனா போகேக்கை என்னைப் பாத்தது வேற. முகத்தை எடுத்தன். குரலை எடுத்தன். ஒரு சொல் கேக்கேல்லை. நீ பூப் போடாட்டியும் அது களவுதான்."

பிறகு டப்லட்டை எடுத்து, படம் கீறும் செயலியை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தாள். அந்தச் சின்னம் ஆடியது, அழிக்கவா என்று கேட்பது போல. அழித்துவிட்டாள். எட்டு வருடமாக அவள் கை பழகிய செயலி. பஸ் வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவில் பாய்ந்தேன்.

"ஏன் வடிவா இருக்கெண்டனீங்கள்?"

"வடிவாத்தானே இருந்தது. அவை செத்தவைக்கு வைச்சா அதுக்கு நான் என்ன செய்ய?"

"இன்னும் போடச் சொன்னனீங்கள்."

"நான் பேர்த்டே எண்டெல்லோ நினைச்சனான்." அம்மா கொஞ்சம் யோசித்தார். "அந்த மனிசி பாவம். போய் மன்னிப்புக் கேள். வெறுங்கையோட போகாதை."

அடுத்த நாள் வட்ஸ்அப் குழுவில் டோன்யாவின் குரல் வந்தது. தோழி எனக்கு அதை அனுப்பி, கீழே அர்த்தத்தையும் எழுதிவிட்டிருந்தாள்: ‘கீறினவளும் பூப்போட்டவளும் நாளைப் பின்னேரம் நாலு மணிக்கு என்ர வீட்டை வரவேணும்.’ அவ்வளவுதான். அதற்குக் கீழே முப்பது பெண்கள் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

தோழி போகமாட்டேன் என்றாள். நான் அவளை அவள் கட்டடத்து லிஃப்ற்றுக்குள் தள்ளி, டோன்யா இருக்கும் பத்தாம் மாடிப் பட்டனை அழுத்தினேன். என் கையில் அம்மா பொரித்த ரோல்ஸ், தகரப்பெட்டி நிறைய.

டோன்யா கதவைத் திறந்தார். சமையல் மேசையில் போன் சார்ஜரில் கிடந்தது. எங்களை இருத்திவிட்டு, எனக்கு எதிரே வந்து இருந்தார்.

"நீயோ என்னைச் சாக்காட்டினது?"

தோழி மொழிபெயர்த்தாள். அந்த வசனத்தை மொழிபெயர்க்கும்போது அவள் உதட்டோரம் அடக்கிய ஒரு சிரிப்பு ஓடியது.

"ஓம்," என்றேன். "தெரியாமல் சாக்காட்டிப்போட்டன். எங்கட கல்யாண வீட்டில அந்தப் பூ."

"கல்யாணத்திலயோ?" டோன்யா யோசித்தார். "விசயம் விளங்கின சனம்."

பிறகு போனைத் தூக்கித் தோழியிடம் நீட்டினார். "வாசி. சத்தமா."

நடந்தது இதுதான். கோழித் தீனிப் பெருக்காரி தான் எடுத்த படத்தைக் குழுவில் போட்டுவிட்டாள். குழுவிலிருந்த ஒருத்தி அதை மெக்சிகோவில் இருக்கும் தன் மச்சாளுக்கு அனுப்பினாள். மச்சாள் இருப்பது புவெப்லாவில், டோன்யாவின் ஊருக்குப் பக்கத்து ஊர். அன்று மாலைக்குள் அந்த ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, கனடாவில் டோன்யா காலமானார் என்று. பூ, சுடர், நிலக்கீழ் மண்டபம், சிலுவை போடும் பெண்கள். இனி ஒருவருக்கு என்ன சாட்சி வேண்டும்? டோன்யாவின் தங்கச்சி மயங்கி விழுந்தாள். கோயிலில் பூசைக்குச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆட்களும் இதைத்தான் செய்திருப்பார்கள். கூடுதலாகக் கண்ணீர் அஞ்சலி நோட்டீசும் அடித்திருப்பார்கள்.

தோழி அனுதாபச் செய்திகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். டோன்யா ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புச் சொன்னார்.

"‘ஊருக்கே தாயாக இருந்தவர்.’"

"பொய்யன். என்ர தையல் மெசினைக் கொண்டு போனவன் இவன்."

"‘எங்கள் வகுப்பில் அவர்தான் அழகி.’"

"அது உண்மை. அடுத்தது."

"‘அக்கா, நான் போன் எடுத்திருக்க வேணும். அக்கா, நான்…’" தோழி நிறுத்தினாள்.

"அது என்ர தம்பி," என்றார் டோன்யா. "இருபது வருசமாக் கதைக்கேல்லை. நேற்று எடுத்தன். நான்தான் எண்டு சொல்ல, அழுதான். பிறகு ஏன் சாகேல்லை எண்டு பேசினான். ரெண்டு மணித்தியாலம். எதுக்குக் கோவிச்சது எண்டு ரெண்டு பேருக்கும் வடிவா ஞாபகமில்லை." ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். "உறைப்புக் காணாது."

எல்லாம் முடிந்தது என்று நானும் ஒரு ரோல்ஸுக்குக் கையை நீட்டினேன். அவசரப்பட்டுவிட்டேன். டோன்யா கையைத் துடைத்துவிட்டுத் தோழியின் பக்கம் திரும்பினார்.

"இப்ப நீ. உன்ர கலை எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியோ? நான் வேலை செய்யிற கட்டடத்தில கீழ் ஹோலில ஒரு பெரிய ஸ்கிரீன் இருக்கு. அதில நாள் முழுக்க நிறம் ஓடும். கிழமையில மூண்டு தரம் நான்தான் துடைக்கிறன். அதுக்கெண்டு தனித் துணி. ஒருநாளும் அதில நான் ஒரு முகத்தைக் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ர முகத்தைக் கண்டன்."

தோழி மேசையைப் பார்த்தாள். "நான் கேட்டிருக்க வேணும் டோன்யா. மன்னிச்சுக் கொள்ளுங்கோ. இனிக் கீறமாட்டன். எல்லாத்தையும் அழிச்சிட்டன்."

"ஆர் உன்னை அழிக்கச் சொன்னது?"

"நீங்கள் எழும்பிப் போனீங்கள்."

"கைக்காகப் போனனான்."

எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. டோன்யா இரண்டு கைகளையும் மேசையில் வைத்தார். விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தன. வலது பெருவிரல் நகம் பாதி இல்லை. துடைக்கிற மருந்துத் தண்ணீர் தின்ற தோல், மணிக்கட்டுவரை வேறு நிறம்.

"நீ கீறினது ஒரு சீமாட்டியின்ர கை. மெத்துமெத்தெண்டு, வயித்தில கோத்துக்கொண்டு. பூவை நான் பொறுப்பன், இவள் ஒரு விளங்காதவள்." என்னைக் காட்டினார். "நீ பிறந்த நாளில இருந்து என்னைப் பாக்கிறவள் மாதிரித் திரியிறாய். என்ர கையை ஒருநாளும் பாக்கேல்லை. முகத்தை மட்டும் களவெடுத்தா இப்பிடித்தான் வரும். கீறு."

"இப்பவோ?"

"பின்னை? நான் செத்தாப் பிறகோ?"

தோழி பையிலிருந்து டப்லட்டை எடுத்தாள். டப்லட்டைக் கொண்டுவந்திருக்கிறாள், பாருங்கள். செயலிதான் இல்லை. டோன்யாவின் வைஃபை கடவுச்சொல் ஒரு புனிதரின் முழுப்பெயரும் அதற்குப் பின்னால் யாருடையவோ பிறந்த திகதியும். மூன்று தரம் பிழையாக அடித்தோம். பிறகு செயலி இறங்கத் தொடங்கியது. மெதுவாக. அந்த நீலக்கோடு நகர்வதை மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கிடையில் குழு விழித்துக்கொண்டது. டோன்யாவின் போன் மேசையில் துள்ளியது. நாலு மணிக்கு நாங்கள் அங்கே இருப்போம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. ஒருத்தி தன் படத்தை அனுப்பினாள்: ‘என்னையும் போடு, பூ இல்லாமல்.’ இன்னொருத்தி இரண்டு படம்: ‘நான் பூ இல்லாமல். மற்றது அம்மா, பூவோட. அவவின்ர செத்தவீட்டுக்கு என்னாலை போகேலாமல் போட்டுது.’ பெருக்காரி பதினேழு குரல் தகவல் அனுப்பியிருந்தாள். எக்குவடோர்க்காரி தனக்கு அந்த மரிகோல்ட்தான் வேணும், செத்தாலென்ன இருந்தாலென்ன என்றாள். மூன்று தரம் கேட்டுக் கட்டைவிரல் வாங்கிய இடம் இது.

"முதல்ல நான்," என்று டோன்யா போனைப் பார்த்துச் சொன்னார், அவர்களுக்குக் கேட்கும் என்பது போல.

செயலி இறங்கிவிட்டது. தோழி பேனையை எடுத்தாள். முதல் கோடு கோணிப்போய் வந்தது. அழித்தாள். கதிரையை இழுத்து இன்னும் கிட்டப் போனாள்.

அப்போது புவெப்லாவிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. டோன்யா ஒரு கையால் எடுத்து, தங்கச்சிக்கு வணக்கம்கூடச் சொல்லாமல், போனைத் தோழியின் தோளுக்கு மேலே பிடித்தார். "பார், இந்தப் பிள்ளை என்னைக் கீறுறாள்." தங்கச்சிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. செத்தவீட்டுக்கு வந்த சனம் இன்னும் போகவில்லைப் போல. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, ஆனால் விளங்கியது: மூக்கு, தலைமயிர், வயசைக் குறை, அந்தத் தோடு போடச் சொல்லு. டோன்யா அவர்களுக்குப் பதில் சொல்லத் தலையைத் திருப்பினார், ஆளைக் காட்டிப் பேசக் கையைத் தூக்கினார்.

"டோன்யா," என்றாள் தோழி, நிமிராமல். "கையை ஆட்டாதேங்கோ."

அந்தக் கட்டடத்தில் டோன்யாவிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

டோன்யா அவளைப் பார்த்தார். அந்த ஒற்றைப் புருவம் மேலே போய் அங்கேயே நின்றது. பிறகு போனை மேசையில் மல்லாக்கப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முன்னைப் போலவே விரித்து வைத்தார். புவெப்லாவில் ஒரு வீடு நிறையச் சனம் எங்கள் தலைக்கு மேலிருந்த முகட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. அவர் போனை எடுக்கவில்லை.